அந்தோனியார் கழுத்துச் சங்கிலி

பெண்கள் பக்கத்து மின்விசிறி சுற்றுக்கு ஒரு தடவை கிரீச் என்றது. பூசை தொடங்கியதிலிருந்து மெற்றில்டா அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறாள். என்ன சொல்லப்போகிறாய், என்ன சொல்லப்போகிறாய் என்று அது அவளைத்தான் கேட்கிறது. பூசை முடிந்து வெளியே வந்தால் மகன் பதுவை வாசலில் நிற்பான், தீர்த்தத் தொட்டிக்குப் பக்கத்தில், சின்னப் பிள்ளையில் செருப்பைத் தேடிக்கொண்டு நின்ற அதே இடத்தில். அம்மா என்று மட்டும் சொல்வான். மிச்சத்தை நேற்றுச் சாயந்தரமே சொல்லியாயிற்று. சோற்றைப் பிசைந்துகொண்டு, நிமிராமல், மீன்முள்ளைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கியபடி சொன்னான்: "புதன்கிழம நெத்தியில சிலுவய பவுலீனம்மா போடட்டும்மா." முள்ளை ஒதுக்குவதைப் போல அத்தனை சாதாரணமாகச் சொன்னான். அந்தக் கடற்கரையில் கலியாணத்தன்று மாப்பிள்ளை வீட்டுப் படி இறங்குமுன் பெற்றவள் தீர்த்தத்தில் பெருவிரலை நனைத்து அவன் நெற்றியில் சிலுவை வரைவாள். அதற்குப் பிறகு தாலி கட்டி முடிகிறவரை வேறு யார் கையும் அந்த நெற்றியில் படக் கூடாது. ஒரு நெற்றிக்கு ஒரு சிலுவைதான். அந்த ஒன்றைத்தான் அவன் கேட்டான். அதுவும் யாருக்கு, சுவரை ஒட்டிய அடுத்த வீட்டுக்காரிக்கு, பெறாதவளுக்கு, பால் கொடுக்காதவளுக்கு. நாளைக்குக் கோயிலில் மூன்றாம் கலியாண ஓலை வாசித்து முடியட்டும், பூசை விட்டு வந்து சொல்லுதேன் என்று மெற்றில்டா சொல்லிவிட்டாள். ஆனால் பதில் அந்த நிமிஷமே நாக்கில் வந்து நின்றுவிட்டது. இரவெல்லாம் அது கரையவில்லை. தாலியறுத்தவ கை கலியாண நெத்தியில படலாமா மக்களே? அவ்வளவுதான். ஊர் முழுக்கத் தலையாட்டும். சாமியாருக்கும் மறுத்துச் சொல்ல வாய் வராது. அது அவளுடைய சொல் ஆகாது, வழக்கத்தின் சொல். அவள் வாயை மட்டும்தான் அது இரவல் வாங்கிக்கொள்கிறது. அப்படி இரவில் நினைத்தபோது நிம்மதியாக இருந்தது. காலையில் பவுலீனா இரண்டு பெஞ்சுக்கு முன்னால் வந்து உட்கார்ந்து, கொண்டையைச் சரிசெய்ய முக்காட்டைச் சற்றே விலக்கியபோது அந்தப் பிடரி தெரிந்தது. சங்கிலி இல்லாத பிடரி. ஒரு கறுப்புக் கயிறுகூட இல்லை. வெறும் தோல், நடுவில் ஒரு மரு. அதிலிருந்து மெற்றில்டாவால் கண்ணை எடுக்க முடியவில்லை.

மண்ணும் அதில் உள்ளதெல்லாமும் ஆண்டவருடையதே என்று பாட்டுக்காரப் பெண்கள் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வரிக்கு ஒரு தடவை எல்லோரும் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். மெற்றில்டாவின் உதடும் சொன்னது. சின்ன வயதிலிருந்தே சொல்லிவருகிற வரி. ஆனால் இன்றைக்கு, ஆண்டவருடையதே என்று பவுலீனா கொஞ்சம் சுருதி இறங்கிச் சொல்வது தனியாகக் காதில் விழுந்தது. இவளுக்கென்ன, எதையும் யாருடையது என்று சொல்லிவிடலாம், இவளிடம் என்ன இருக்கிறது போவதற்கு. பிறகு இளைய சாமியார் பிரசங்கத்துக்கு ஏறினார். ஊருக்கு வந்து ஒரு வருஷம் ஆகவில்லை, கடல் பார்த்திராத ஊரில் பிறந்தவர், வள்ளத்தைப் படகு என்றுதான் சொல்வார். வானத்தை விரித்தவர் அவர், கடலுக்குக் கதவு போட்டு இதுமட்டும் வா, இதைத் தாண்டாதே என்று சொன்னவர் அவர், மலையிலுள்ள காட்டு மிருகமும் அவருடையது, உங்கள் தொழுவத்து ஆட்டை அவருக்குக் கொடுத்துவிட்டுக் கொடுத்தேன் என்று பெருமைப்படாதீர்கள், அவருடையதைத்தான் அவருக்குக் கொடுத்தீர்கள் என்றார். என் வீடு, என் வள்ளம், என் பிள்ளை என்கிறோம், அந்த என் எங்கிருந்து வந்தது என்று கேட்டுவிட்டு நிறுத்தினார். பெண்கள் பக்கம் தலைகள் அசைந்தன. பவுலீனாவின் தலையும் அசைந்தது. மரு மேலே போய்க் கீழே வந்தது. என் பிள்ளை, மெற்றில்டா மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள். என் எங்கிருந்து வந்ததா? அடிவயிற்றைக் கீறிக்கொண்டு வந்தது சாமி. இரண்டு பிள்ளைகள் மூச்சில்லாமல் வந்து, துணியில் சுற்றி, பெயர்கூட வைக்காமல் கல்லறைத் தோட்டத்து வேலியோரம் புதைத்துவிட்டுவந்த பிறகு, மூன்றாவதாக ஒன்று அழுதுகொண்டு வந்ததே, அந்த அழுகையிலிருந்து வந்தது. கடல் அவருடையதாகவே இருக்கட்டும். அவ்வளவு பெரிய கடலை வைத்திருக்கிறவருக்கு ஒரு கை அகல நெற்றி எதற்கு?

ஆனால் கொடுத்தது அவள்தான். அங்கேதான் நினைப்பு ஒவ்வொரு தடவையும் போய்ச் சிக்கும், வலை கடலடிப் பாறைப் பாரில் சிக்குவதுபோல. இழுத்தால் கிழியும். விட்டால் வலை போகும். இது தங்கினால் உமக்கே தருகிறேன் என்று அந்தோனியாருக்கு நேர்ந்துகொண்டாள். தங்கியது. நேர்ந்த பிள்ளையைத் திருநாள் அன்று பீடத்துப் படியில் கிடத்திவிட வேண்டும். கோயில் ஊழியம் பார்க்கிற கோயில்பிள்ளை மணியடித்து ஏலம் விடுவார். யாராவது ஒருவர் கேட்டு எடுத்து, இது ஆண்டவர் பிள்ளை, நான் வாங்கினேன், நீ வளர்த்துக்கொள் என்று பெற்றவள் மடியில் போட வேண்டும். வாங்கியவர் கொடுத்ததைப் பெற்றவர்கள் பிறகு அவருக்குத் திருப்பிக் கொடுத்தால்தான் பிள்ளை முழுசாக வீட்டுக்கு வந்ததாக அர்த்தம். தலைப்பிள்ளையெல்லாம் என்னுடையது, வேண்டுமானால் மீட்டுக்கொள் என்று ஆண்டவர் அந்தக் காலத்திலேயே சொல்லிவைத்தாராமே, அதன் வழிவந்த வழக்கம். ஒன்றே ஒன்று, தன் பிள்ளையைத் தானே கேட்கக் கூடாது. கொடுத்ததை அதே வாயால் கேட்பது ஆண்டவரோடு விளையாடுவது. அதனால் யார் கேட்பது என்று வீட்டில் முன்னமே பேசிவைத்துக்கொள்வார்கள். அவள் புருஷன் கஸ்பாரின் அண்ணன் கேட்பதாக இருந்தது. அன்றைக்குக் காற்று மாறி அவர் வள்ளம் கரை சேரவில்லை. அது யாருக்கும் தெரியாது, அல்லது தெரிந்தும் வந்துவிடுவார் என்று இருந்தார்கள். சூசை கோயில்பிள்ளை மணியடித்து, ஆண்டவர் பிள்ளை ஒரு தரம் என்றார். கோயில் நிறைய சனம். எல்லோரும் மரியாதைக்குச் சும்மா இருந்தார்கள். வீட்டாள் கேட்கிறதுக்கு முந்திக்கொண்டு கேட்டால் தப்பாகிவிடுமே என்று அவனவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு தரம். பிள்ளை படியில் கிடந்து அழுதது. காலை உதைத்து உதைத்துத் துணி நழுவிவிட்டது. கருங்கல் படி சில்லென்றிருக்கும், அதுதான் அப்போது நினைவுக்கு வந்தது, கல்லின் குளிர், அது தன் முதுகில் ஏறியது. மூன்றாம் தரமும் யாரும் கேட்காவிட்டால் பிள்ளை கோயிலோடு, பிறகு அது வீட்டில் தங்காது என்பார்கள். மெற்றில்டா வாயைத் திறந்துவிட்டாள். கஸ்பார் அவள் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். சூசை மணியைத் தூக்கினார். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல், சுருதி இறங்கிய குரல், நான் வாங்குதேன் என்றது. பவுலீனா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனாள், கழுத்திலிருந்து சங்கிலியைக் கழற்றிப் பீடத்தில் வைத்தாள், குனிந்து பிள்ளையை எடுத்தாள். எடுத்ததும் பிள்ளை அழுகையை நிறுத்திவிட்டது.

அழுகை நின்றதே, அதை மட்டும் மெற்றில்டாவால் மறக்க முடியவில்லை. எடுத்தவள் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் நேராக வந்து இவள் மடியில்தான் போட்டாள். சொல்ல வேண்டியதைச் சொன்னாள். மடியில் போட்டதும் பிள்ளை மறுபடி அழுதது. பசிதான், வேறென்ன. பால் வாசம் பட்டால் அழாதா. ஊரும் அதைத்தான் சொன்னது. ஆனாலும் முதலில் நின்றதே. அந்தப் பருவத்தில் மீன்பாடு நன்றாக இருந்தது. கஸ்பார் ஒரு புதுச் சங்கிலி செய்து, வெற்றிலை பாக்கோடு கொண்டுபோய்க் கொடுத்தார். பவுலீனா சிரித்தாள். அந்தோனியாருக்குப் போட்டதை நீங்கள் எப்படி எனக்குத் திருப்பித் தருவீர்கள், அது அவர் கழுத்தில் அல்லவா கிடக்கிறது, போய் அவரிடம் கேளுங்கள் என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். கஸ்பாரும் சிரித்துக்கொண்டே திரும்பி வந்துவிட்டார், ஆண்பிள்ளைகளுக்கு எல்லாம் விளையாட்டு. ஆகப் பிள்ளை இன்னும் மீளவில்லை. மீன் விற்கிற இடத்தில் பெண்கள் பிறகு வருஷக்கணக்காகக் கேட்டார்கள்: "ஏட்டி மெற்றில்டா, பவுலீனா பிள்ளய கூலிக்கா வளக்க?" இவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரித்துவிட்டு வீட்டுக்கு வந்து பதுவையைக் காரணமில்லாமல் தூக்கி மார்போடு இறுக்குவாள். அவன் திமிறுவான். திமிறி இறங்கி நேரே அடுத்த வீட்டுக்கு ஓடுவான். பல் விழுந்தால் அங்கே காட்டிவிட்டுத்தான் இங்கே வரும். காய்ச்சலில் புலம்பும்போது இரண்டு அம்மாவையும் கூப்பிடுவான், எது முந்தி எது பிந்தி என்று இவள் ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு கவனித்திருக்கிறாள். அடுப்பில் அவனுக்குப் பிடித்த ஊளி மீன் கொதிக்கும்போது சுவருக்கு அந்தப் பக்கம் அவன் சிரிப்புக் கேட்கும். குழம்பில் உப்புப் பார்க்க மறந்துவிடும். கப்பலுக்குப் போன பிறகு முதல் விடுமுறையில் இருவருக்கும் சேலை வாங்கிவந்தான், ஒரே நிறம், ஒரே கரை. அவனுக்கு என்ன நல்ல மனசு என்று கஸ்பார் சொன்னார். மட்டமாக ஒன்று, உசத்தியாக ஒன்று வாங்கியிருந்தால், உசத்தி யாருக்கானாலும் பொறுத்திருப்பாள். ஒரே நிறத்தை எப்படிப் பொறுப்பது? அவளுடையது பீரோவில் மடிப்புக் கலையாமல் கிடக்கிறது. பவுலீனா இன்றைக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். வாடாமல்லி நிறம். எத்தனையோ தடவை துவைத்து வெளுத்துப்போய், கட்டிக் கட்டி உடம்போடு பழகிவிட்ட சேலை. கட்டாமல் வைத்த தன் சேலையை நினைத்தாள். எது யாருடையது இப்போது?

எல்லோரும் எழுந்தார்கள், மெற்றில்டாவும் எழுந்தாள். எழுந்தால் பவுலீனாவின் பிடரி மறைந்து அந்தோனியார் தெரிந்தார். சுவர்மாடத்தில் பழுப்பு அங்கி, கையில் குழந்தை இயேசு, கழுத்தில் அந்தச் சங்கிலி. இத்தனை வருஷமாக மெழுகுவர்த்திப் புகை பட்டு மங்கியிருந்தது. என் பிள்ளையின் விலை என்று வாரம் தவறாமல் அதைப் பார்த்துவிட்டுத்தான் முட்டிபோடுவாள். இன்றைக்கு அந்தக் குழந்தையைப் பார்த்தாள். அந்தோனியார் கையில் இருப்பது யார் பிள்ளை? எதிர் மாடத்தில் மாதா தனியாக நிற்கிறாள், இரண்டு கையும் வெறுமையாக, விரித்தபடி. தன் பிள்ளையை இன்னொருவர் கையில் பார்த்துக்கொண்டு இத்தனை வருஷமாக எதிரிலேயே நிற்கிறாள். அவளுக்கு எரியாதா? எரியாது, அவள் மாதா. மெற்றில்டா அப்படி இல்லை. ஞானமுள்ள ராஜாவிடம் ஒரு பிள்ளைக்கு இரண்டு பெண்கள் வழக்குக்கு வந்தார்களே, பிள்ளையை இரண்டாக வெட்டு என்று அவன் வாளை எடுத்தபோது, வேண்டாம், அவளிடமே கொடுத்துவிடுங்கள் என்றவள்தான் தாய் என்று தீர்ப்பானது. அந்தக் கதையை மறைக்கல்வி வகுப்பில் கேட்ட நாளிலிருந்து அவளுக்குப் பிடிக்கும். பதுவை பிறந்த பிறகு பிடிக்கவில்லை. விட்டுக்கொடுத்தவள்தான் தாய் என்றால், மடியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனவள் யார்? மெற்றில்டா எதை எப்போது விட்டுக்கொடுத்தாள்? அந்தோனியாருக்கு நேர்ந்ததுகூடத் திரும்பக் கிடைக்கும் என்று தெரிந்து நேர்ந்ததுதானே. சாமியார் என்னென்னவோ சொன்னாரே, ஒன்றை விட்டுவிட்டார். ஆண்டவர் தன்னைத்தானே பொறாமையுள்ளவர் என்று சொல்லிக்கொள்கிறார். கட்டளையோடு கட்டளையாக எழுதிவைத்திருக்கிறார், கூச்சப்படாமல். மெற்றில்டாவுக்கு அவரிடம் எல்லாவற்றையும்விடப் பிடித்தது அதுதான். பொறாமை என்பது ஒன்றும் இல்லாதவனுக்கு வருவது என்பார்கள். எல்லாம் உடையவருக்கு ஏன் வந்தது? நட்சத்திரம் அவருடையது, சூடை மீன் அவருடையது, பவுலீனாவின் பிடரியிலுள்ள மரு அவருடையது. பின் எதைப் பார்த்து எரிகிறார்? எல்லாம் தன்னுடையது என்று எழுத்தில் இருக்கிறது. ஆனால் தன்னுடையது தன் பக்கம் முகத்தைத் திருப்பவில்லை. அதுதானே? ஐயோ, அதுதானே. உடைமை என்று ஒன்று இருந்து என்ன, முகம் என்று ஒன்று இருக்கிறதே, அதை ஏலத்திலும் எடுக்க முடியாது, பெற்றும் வைத்துக்கொள்ள முடியாது. ஒரு கணம் ஆண்டவர்மேல் அவளுக்கு இரக்கமாக இருந்தது. உடனே பயந்துபோய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள். பெருவிரல் தன் நெற்றியில் பட்டது. வேர்வை.

நன்மை அப்பம் வாங்கப் போன வரிசையில் பதுவை ஆண்கள் பக்கமிருந்து வந்தான். சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. நெற்றி பரந்து, மயிர் சற்றே பின்வாங்கி, அவன் அப்பாவைப் போல. குளிப்பாட்டும்போது சோப்பு கண்ணில் வடியாமல் புருவத்துக்கு மேலே அவள் கையை அணையாக வைப்பாள், அந்த நெற்றி. புதன்கிழமைக்குப் பிறகு அது ஜெசிந்தா என்கிற பெண்ணுடையது, மேற்கே இருந்து வருகிறாள், கண் பெரிசு, நன்றாகச் சிரிக்கிறாள். ஆச்சரியம், அவள்மேல் எரியவில்லை. உள்ளதையெல்லாம் பவுலீனாமேல் செலவழித்தாயிற்று, மருமகளுக்கென்று மிச்சமில்லை. நன்மை முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகு சாமியார் ஓலை வாசிக்கத் தாளை எடுத்தார். மெற்றில்டா நிமிர்ந்தாள். போன இரண்டு ஞாயிறும் இதற்காகத்தான் காத்திருந்தாள், இன்றோடு முடிகிறது. இந்தப் பங்கைச் சேர்ந்த கஸ்பார் வாஸ், மெற்றில்டா இவர்களின் மகன் பதுவை வாஸ் என்று ஒலிபெருக்கி சொன்னது. அவள் பெயர் தூண்களில் பட்டு, பின்சுவர் வரை போய், திரும்பி வந்தது. மெற்றில்டா இவர்களின் மகன். ஓலையில் பவுலீனா இல்லை. ஆயிரம் ஏலம் எடுத்தாலும் ஓலையில் ஏற முடியாது. மெற்றில்டா வேண்டுமென்றேதான் அந்தப் பிடரியைப் பார்த்தாள், அது சுருங்குகிறதா என்று பார்த்தாள். பவுலீனா தலையைக் குனிந்திருந்தாள். ஜெபிக்கிறாளோ என்னவோ. ஓலை வாசித்து முடியும்வரை அசையாமல் இருந்துவிட்டு, வலது கையை மெல்ல உயர்த்திக் கழுத்தைத் தடவினாள். இரண்டு விரலால், எலும்பின்மேல், எதையோ பிடித்து நேராக்குவதுபோல. அங்கே ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லாத இடத்தைப் பிடித்து நேராக்கிவிட்டுக் கையை இறக்கிக்கொண்டாள்.

பெண்கள் எதை அப்படி நேராக்குவார்கள்? மெற்றில்டாவின் கை தன் கழுத்துக்குப் போனது. விரலில் தாலிச் சங்கிலி தட்டுப்பட்டது. இத்தனை நேரமும், இத்தனை வருஷமும், சங்கிலி சங்கிலி என்றே நினைத்துவந்தாள். அந்தச் சொல்லை அப்படி வைத்துக்கொண்டால் அதற்குமேல் போக வேண்டியதில்லை. பவுலீனாவிடம் இரண்டு சங்கிலி எங்கே இருந்தது? ஒன்றுதான். கழற்றிய கையோடு அதிலிருந்து தாலியை உருவி, தாலியை மட்டும் உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, சங்கிலியைப் பீடத்தில் வைத்தாள். பிறகு பிள்ளையை மடியில் போட்டுவிட்டு, ஒரு கயிறு கொடுங்கண்ணே என்று கஸ்பாரிடம் கேட்டாள். அவர் மடியிலிருந்த வலை நூலை அறுத்துக் கொடுத்தார். கோயிலுக்குள்ளேயே, தூணுக்குப் பின்னால் நின்று, அதில் கோத்துக் கட்டிக்கொண்டாள். அவள் புருஷன் அப்போது கடலில் இருந்தான். அன்றைக்குத் திரும்பி வந்தான், சிரித்தான், அடுத்த மீன்பாட்டுக்குப் புதுசு செய்துபோடுகிறேன் என்றான். அவனுக்கு அந்தப் பாடு வரவில்லை. பிறகு ஒரு வாடைக்காற்றில் அவன் வரவில்லை, வள்ளத்துப் பலகைகூட ஒதுங்கவில்லை. கடலில் புருஷன் இருக்கும்போது கழுத்திலிருந்து கழற்றினாளே என்று ஊர் சொன்னது. மெதுவாகத்தான் சொன்னது. மெற்றில்டாவின் காதுபடவே சொன்னது. எவ பிள்ளைக்காக அவள் கழற்றினாள் என்று இவள் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இழவு வீட்டில் பவுலீனா சுவரில் சாய்ந்து கிடந்தபோது பதுவை நடை பழகிய காலால் தட்டித் தட்டிப் போய் அவள் மடியில் உட்கார்ந்தான். அவள் கை அவன் முதுகில் ஏறியது. மெற்றில்டாவுக்கு முதலில் வந்தது இரக்கம் இல்லை. இனி இவளுக்கு வேறு யாரும் இல்லை, இனி இவள் விடமாட்டாள் என்ற பயம்தான் முதலில் வந்தது. பால் குடிக்கிற நேரம் என்று சொல்லிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். பால் மறந்து மாதக்கணக்காகியிருந்தது. பவுலீனாவுக்கும் அது தெரியும். தெரிந்தும் கையை எடுத்துக்கொண்டாள். அப்போதும் மறுக்காமல் கொடுத்தாள். அவள் கொடுத்துக்கொண்டே இருந்தாள், அதனால்தான் இவளால் ஒருநாளும் ஜெயிக்க முடியவில்லை. எதிர்த்துப் பிடித்து இழுக்கிறவளோடு சண்டை போடலாம். விட்டுவிடுகிறவளோடு என்ன செய்வது? மின்விசிறி கிரீச் என்றது. தாலியறுத்தவ கை என்கிற சொல் இன்னும் நாக்கின்மேல் இருந்தது, நன்மையின் ருசி போய் அது மட்டும் இருந்தது. அதைத் துப்பவும் மனமில்லை, விழுங்கவும் மனமில்லை. வழக்கம் வழக்கம்தானே என்றது உள்ளே ஒரு குரல். கழற்றியது எதற்கு என்று வழக்கம் கேட்காது. கேட்க வேண்டியவள் கேட்காதபோது வழக்கம் ஏன் கேட்கும்?

கடைசி ஆசீர் முடிந்து சனம் கலைந்தது. வெளி வெயில் முகத்தில் அறைந்தது. உப்புக்காற்றோடு காயும் கருவாட்டு வாசம். பதுவை நினைத்த இடத்தில்தான் நின்றான். அவனுக்குப் பக்கத்தில், வாடாமல்லிச் சேலையின் முக்காட்டைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு பவுலீனாவும் நின்றாள். அவளை அவன்தான் நிறுத்தியிருக்கிறான். அவளுக்கு விஷயமே இப்போதுதான் தெரியும் என்பது முகத்தில் தெரிந்தது. கஸ்பார் சற்றுத் தள்ளி நின்று யாரோடோ ஓலை முடிந்ததைப் பற்றிப் பேசுவதுபோல இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா என்றான் பதுவை. மெற்றில்டா வாயைத் திறந்தாள். சொல் வந்துவிட்டது, பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. அதற்குள் பவுலீனா முந்திக்கொண்டாள்.

"இவன் சொல்லுததக் கேக்காத மெற்றில்டா, கிறுக்குப்பய. தாலியறுத்தவ கை கலியாண நெத்தியில படலாமா?"

அதே சொல். ஓரெழுத்து மாறவில்லை. இரவெல்லாம் கரையாமல் கிடந்தது, தனக்கென்று வைத்திருந்தது, அதையும் இவள் எடுத்துக்கொண்டாள். மெற்றில்டாவுக்கு எரிந்தது, எந்த நாளையும்விட அதிகமாக எரிந்தது. தன் கெட்ட சொல்கூடத் தன்னுடையதாக இருக்கக் கூடாதா? அதையும் இவள் சிரித்துக்கொண்டே, சுருதி இறங்கிய அந்தக் குரலில், தன் தலையிலேயே போட்டுக்கொள்வாளா? பதுவை தாயைத்தான் பார்த்தான். அந்த முகம் மெற்றில்டா பக்கம் திரும்பியிருந்தது, முழுசாகத் திரும்பியிருந்தது. இந்த ஒரு தடவை, இவள் வாயிலிருந்து வரப்போவதற்காக. ஏலத்தில் சூசை மணியைத் தூக்கி நின்றதுபோல ஒரு நிமிஷம் எல்லாம் நின்றது. யாரோ கேட்க வேண்டும். பெற்றவள் கேட்கக் கூடாது.

"வேற எவ கை படணும்?" என்றாள் மெற்றில்டா. குரல் கடுப்பாகத்தான் வந்தது, சண்டைக்கு வந்த மாதிரி. "நீ கழுத்துலருந்து எதக் கழத்துனன்னு நான் பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்? அறுத்தவளாம் அறுத்தவ. அதச் சொல்ல ஒனக்கு யாரு வாய் குடுத்தா?"

பவுலீனாவின் கை கழுத்துக்குப் போய்ப் பாதியில் நின்றது.

"புதன்கிழம நீதான் சிலுவ போடுத," என்றாள் மெற்றில்டா. சொல்லிவிட்டு நிறுத்தினாள். "ஆனா பவுலீனக்கா, வேர்வையோட நெத்தியில தீர்த்தம் நிக்காது. அதுக்கு முந்தி தொடச்சு விடணும். தொடைக்கது நான்."

அவனைக் குனியச் சொன்னாள். இன்றைக்கே எதற்கு என்று அவன் கேட்கவில்லை. தீர்த்தத் தொட்டியின் விளிம்பில் கையை ஊன்றிக் குனிந்தான். மெற்றில்டா சேலை முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு மயிர் தொடங்குகிற இடத்திலிருந்து துடைக்க ஆரம்பித்தாள். அவசரப்படவில்லை. ஒரு பொட்டிலிருந்து மறுபொட்டு வரை, புருவத்தின் மேல்வரை, வேர்வை கண்ணில் வடியாமல் இடது கையை அணையாக வைத்து, துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். பவுலீனா பக்கத்தில் நின்று, எத்தனை நேரமானாலும் நிற்கிறவளைப் போல, தன் முறைக்குக் காத்துக்கொண்டிருந்தாள்.